மண்ணுக்குள் எவ்வளவு ஆழம் தெரியும்?

1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு ஒன்பதரை மணியளவில் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பல் வந்து நின்றது. அதன் பெயர் 'எம்டன்'. கப்பல் தலைவர் கார்ல் வான் முல்லர். கரையை நோக்கி நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளைச் சுட்டுவிட்டு அது இருளில் மறைந்தது. துறைமுகத்தையொட்டி இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. உயர்நீதி மன்றத்தின் சுற்றுச்சுவரிலும் ஒரு குண்டு தாக்கியது. அதை நினைவூட்டும் கல்லை இன்றும் அங்கே காணலாம். கெட்டிக்காரத்தனமும் துணிச்சலும் மிக்க ஆளை 'சரியான எம்டன்' என்று தமிழர் சொல்லும் வழக்கமும் அந்த இரவிலிருந்து பிறந்ததுதான்.

அக்கப்பலின் பீரங்கிக் குண்டு 10.5 செ.மீ. குறுக்களவு உடையது. அவற்றுள் ஒன்று வெடிக்காமல் இராயபுரம் பக்கத்து மண்ணுக்குள் இன்னும் புதைந்து கிடக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மண்ணைத் தோண்டாமலே அதைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியுமானால் எவ்வளவு ஆழம் வரை?

'மெட்டல் டிடெக்டர்' என்று எல்லாரும் சொல்லும் கருவி நினைவுக்கு வரும். அதை இக்கட்டுரையில் உலோகங்காட்டி என்று அழைப்போம். அதன் அடியில் வட்டமான கம்பிச்சுருள் ஒன்று இருக்கிறது. "சுருளைப் பெரிதாக்கினால் ஆழமும் பெரிதாகும்" என்று பல மாணவர்கள் சட்டென்று விடை சொல்வார்கள். இந்த விடையில் பாதிதான் உண்மை. மற்றப் பாதியை அறியாமல் இருப்பது சில இடங்களில் உயிருக்கே ஆபத்தாகும். அது எப்படி என்று காண்போம்.

சுருள் கேட்கும் எதிரொலி

கம்பிச்சுருளில் மின்னோட்டம் பாய்ந்தால் அதைச் சுற்றிக் காந்தப் புலம் தோன்றும். உலோகங்காட்டியின் சுருளில் பாய்வது மாறுதிசை மின்னோட்டம். அது வினாடிக்குச் சில ஆயிரம் முதல் சில பத்தாயிரம் தடவை திசை மாறுகிறது. ஆகவே காந்தப் புலமும் அதே வேகத்தில் ஏறி இறங்குகிறது. மண்ணும் காற்றும் இப்புலத்தை ஏறக்குறைய அப்படியே கடந்துபோக விடுகின்றன.

வழியில் ஓர் உலோகத் துண்டு இருந்தால் நிலைமை மாறுகிறது. மாறும் காந்தப் புலத்தில் இருக்கும் கடத்தியில் மின்னோட்டம் தூண்டப்படும் என்று ஃபாரடே 1831இல் கண்டறிந்தார். அந்த உலோகத் துண்டுக்குள்ளும் ஆற்று நீரில் சுழி உண்டாவதுபோலச் சிறு சுழல் மின்னோட்டங்கள் ஓடத் தொடங்குகின்றன. இவை தமக்கென ஒரு காந்தப் புலத்தை உண்டாக்குகின்றன. அப்புலம் மேலே திரும்பி வந்து ஏற்புச் சுருளில் மிகச் சிறிய மின்னழுத்தத்தை எழுப்புகிறது. அதைப் பெருக்கி ஒலியாக மாற்றினால் 'கீ' என்ற சத்தம் கேட்கிறது.

ஆக, காந்தப் புலம் கீழே ஒரு முறையும் மேலே ஒரு முறையும் பயணம் செய்கிறது. சுருளிலிருந்து வெகு தொலைவில் காந்தப் புலம் தொலைவின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். போகும்போது மும்மடி, வரும்போது மும்மடி, மொத்தம் ஆறாம் மடி. ஆழம் இரண்டு மடங்கானால் திரும்பி வரும் சைகை 64இல் ஒரு பங்காகிவிடும்.

இழந்ததை மின்னோட்டத்தைக் கூட்டி ஈடு செய்யலாமே என்று தோன்றும். 64 மடங்கு மின்னோட்டம் செலுத்த வேண்டும். கம்பியில் எழும் வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடிப்படி 4,096 மடங்காகும். பாட்டரி தாங்காது; கம்பியும் தாங்காது. ஆழம் வேண்டுமானால் சுருளின் அளவைத்தான் மாற்ற வேண்டும்.

ஒரு காந்த ஊசி போதும்

சுருளின் அளவு என்ன செய்கிறது என்பதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். சுருளின் அச்சில் காந்தப் புலத்தை அளக்கும் செய்முறையைக் கல்லூரி மாணவர்கள் அறிவார்கள். அதன் எளிய வடிவமே இது.

எனாமல் பூசிய செப்புக் கம்பியால் இரண்டு சுருள்கள் செய்யுங்கள். ஒன்று 20 செ.மீ. விட்டம், மற்றொன்று 40 செ.மீ. விட்டம். இரண்டிலும் 20 சுற்றுகள் இருக்கட்டும். இரண்டையும் தொடராக இணைத்தால் இரண்டிலும் ஒரே மின்னோட்டம் பாயும். அரை ஆம்பியர் போதுமானது. ஒன்றன் புலம் மற்றதன் அளவைக் கெடுக்காதபடி இரண்டையும் இரண்டு மீட்டர் இடைவெளியில் வையுங்கள். ஒவ்வொரு சுருளையும் அதன் தளம் வடக்கு தெற்காக இருக்குமாறு செங்குத்தாக நிறுத்தி, காந்த ஊசிப் பெட்டியை அதன் அச்சின்மேல் நகர்த்துங்கள். ஊசியை வடக்கே இழுக்கும் புவிக்காந்தத்தின் கிடைக்கூறு சென்னையில் ஏறத்தாழ 40 மைக்ரோ டெஸ்லா. சுருளின் புலம் ஊசியைக் கிழக்கு அல்லது மேற்காகத் திருப்பும்.

கணக்குப்படி வரவேண்டிய திருப்பங்கள் இவை:

சுருளின் மையத்தில்: சிறிய சுருள் 57 பாகை, பெரிய சுருள் 38 பாகை.
10 செ.மீ. தொலைவில்: இரண்டும் ஏறத்தாழ 29 பாகை.
30 செ.மீ. தொலைவில்: சிறிய சுருள் 3 பாகை, பெரிய சுருள் 7.5 பாகை.

இந்த மூன்று வரிகளில் செய்தி முழுதும் அடங்கியிருக்கிறது. அருகில் சிறிய சுருளே வலியது. ஓரளவு தொலைவில் இரண்டும் சமம். அதற்கு அப்பால் பெரிய சுருள் முந்துகிறது. சிறிய சுருள் தன் புலத்தை ஒரு சிறு இடத்தில் நெருக்கி வைத்திருக்கிறது. பெரிய சுருளோ அதைப் பரப்பி நீட்டுகிறது.

கம்பிச்சுற்றும் மின்னோட்டமும் மாறாமல் இருக்க, ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் புலம் மிக அதிகமாக வேண்டுமானால், சுருளின் ஆரம் அந்த ஆழத்தைப்போல் 1.4 மடங்கு இருக்க வேண்டும். நுண்கணிதம் பயிலும் மாணவர்கள் இதை நிறுவிப் பார்க்கலாம்.

பெரிய காது, பெரிய இரைச்சல்

இதுவரை சொன்னதை மட்டும் வைத்துப் பார்த்தால் ஆழமான பொருளுக்குப் பெரிய சுருளே சிறந்தது என்று தோன்றும். ஆனால் ஏற்புச் சுருளுக்கு வருவது நாம் தேடும் சைகை மட்டுமன்று. வட சென்னையில் ஓர் உலோகங்காட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பதாக எண்ணிப் பாருங்கள்.

அத்திப்பட்டு, எண்ணூர் பக்கத்து வானத்தில் உயர் அழுத்த மின்கம்பிகள் செல்கின்றன. அவற்றைச் சுற்றி வினாடிக்கு 50 தடவை மாறும் காந்தப் புலமும், அதன் மடங்கு அதிர்வெண்களும் உண்டு. சுருள் ஒரு வாய் அகன்ற பாத்திரம் போன்றது. வாய் அகன்றால் இந்த இரைச்சலும் கூடுதலாக வந்து விழும்.

அடுத்து, கடற்கரையின் ஈர மணல். உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே ஈர மணலே ஒரு மெல்லிய உலோகம்போல நடந்துகொள்ளும். மணலில் கலந்துள்ள கருமையான காந்தத் தாதுக்களும் சைகை தரும். பெரிய சுருளின் புலம் மண்ணின் பெரும் பகுதியைத் தழுவுவதால் மண்ணின் பேச்சு ஓங்கி ஒலிக்கும்.

மூன்றாவது, குப்பை. படகு கட்டும் இடத்து ஆணிகள், வெல்டிங் குச்சியின் மிச்சங்கள், சோடா மூடிகள், கம்பித் துண்டுகள் எனத் தொழிற்சாலைப் பகுதி மண்ணில் இவற்றுக்குப் பஞ்சமே இல்லை. சிறிய சுருள் இரண்டு ஆணிகளைத் தனித்தனியே காட்டும். பெரிய சுருளின் கீழ் ஒரே நேரத்தில் பத்து ஆணிகள் அகப்பட்டுக்கொண்டு ஒரே சத்தமாகக் குழம்பும்.

ஆகவே, 'எவ்வளவு சைகை வருகிறது' என்று மட்டும் கேட்டால் போதாது. 'இரைச்சலைப்போல் எத்தனை மடங்கு சைகை வருகிறது' என்று கேட்க வேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்கு

இந்தப் போட்டியை எளிய கணக்காக்கிப் பார்ப்போம். மூன்று ஏற்பாடுகள் செய்துகொள்வோம். ஒன்று, எல்லாச் சுருள்களிலும் கம்பிச்சுற்றும் மின்னோட்டமும் ஒன்றே. இரண்டு, பொருளிலிருந்து வரும் சைகை அதன் அகலத்தின் மும்மடிக்கு நேர்விகிதம். அகலம் இரண்டு மடங்கானால் சைகை எட்டு மடங்கு. மூன்று, இரைச்சல் சுருளின் ஆரத்துக்கு நேர்விகிதம். உண்மையில் இரைச்சல் இடத்துக்கு இடம் வேறுபடும். இது நடுத்தரமான ஓர் ஊகம்.

இனி, 20 செ.மீ. விட்டமுள்ள சுருள் 2.5 செ.மீ. அகலமுள்ள ஒரு நாணயத்தை 20 செ.மீ. ஆழம் வரை காட்டுகிறது என்று கொள்வோம். அப்போது மற்றச் சுருள்களின் எல்லையை இந்த ஒரே வாய்பாடு தந்துவிடும்:

ஆழம் × ஆழம் = ஆரம் × (எல்லை எண் − ஆரம்)

எல்லை எண் என்பது பொருளின் அகலத்தைப்போல் 20 மடங்கு. நாணயத்துக்கு 50, எம்டன் குண்டுக்கு 210. எல்லாம் செ.மீ. கணக்கில்.

நாணயத்தை எடுத்துக்கொள்வோம். சுருளின் விட்டம் 20 செ.மீ. ஆனால் ஆழம் 20 செ.மீ. விட்டம் 40 ஆனால் ஆழம் 24.5. விட்டம் 50 ஆனால் 25. விட்டம் 80 ஆனால் ஆழம் மீண்டும் 20க்கே இறங்குகிறது. விட்டம் ஒரு மீட்டர் ஆனால் ஆழம் சுழி! தரையின்மேல் கிடக்கும் நாணயம்கூட அச்சுருளுக்குத் தெரிவது அரிது.

குண்டுக்கோ கதை வேறு. விட்டம் 20 செ.மீ. ஆனால் ஆழம் 45 செ.மீ. விட்டம் 40 ஆனால் 62. ஒரு மீட்டர் ஆனால் 89. அதன் உச்ச எல்லை 105 செ.மீ. அதற்கு 2.1 மீட்டர் விட்டமுள்ள சுருள் வேண்டும்.

இரண்டிலும் ஓர் ஒற்றுமையைக் கவனித்தீர்களா? மிகச் சிறந்த நிலையில் சுருளின் ஆரமும் ஆழமும் சமமாக இருக்கின்றன. நாணயத்துக்கு 25, 25. குண்டுக்கு 105, 105. இரைச்சலே இல்லையென்றால் 1.4 மடங்கு என்று முன்பு கண்டோம். இரைச்சல் மிகக் கூடுதலான இடத்தில் அது 0.7 மடங்காகக் குறையும். நடுவில் நிற்பது ஒன்று. 'தேடும் ஆழம் எவ்வளவோ, சுருளின் ஆரமும் ஏறத்தாழ அவ்வளவு' என்பதை ஒரு கைக்கணக்காக நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் தெரிகிறது. சுருளை எவ்வளவு பெரிதாக்கினாலும் நாணயம் 25 செ.மீ. ஆழத்துக்குக் கீழே தெரியாது. ஆழத்தின் கடைசி எல்லையை வகுப்பது சுருள் அன்று. தேடும் பொருளின் அளவே. காசிமேட்டு மீனவரைக் கேட்டால் இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவார்: நெத்திலிக்கு ஒரு வலை, வஞ்சிரத்துக்கு ஒரு வலை. பெரிய கண் உள்ள வலையை வீசிவிட்டு நெத்திலி அகப்படவில்லை என்றால் குறை வலையில் இல்லை.

நாம் நாள்தோறும் காணும் சுருள்கள்

இரயில் நிலையங்களிலும் கோயில் விழாக்களிலும் கதவுச் சட்டம் போன்ற உலோகங்காட்டியைக் கடந்து போயிருப்பீர்கள். அதில் ஆள் உயரத்துக்குப் பெரிய சுருள்கள் உள்ளன. 'இவரிடம் உலோகம் இருக்கிறது' என்று அது சொல்லும். சட்டைப் பையிலா, இடுப்பு வாரிலா என்று நுட்பமாகச் சொல்லாது. பிறகு காவலர் கையடக்கமான சிறு கருவியை உடல்மேல் நகர்த்துகிறார். அதன் சிறிய சுருள் இடத்தைக் குறித்துக் காட்டும். பெரிய சுருள் 'உண்டா' என்று கேட்கிறது. சிறிய சுருள் 'எங்கே' என்று கேட்கிறது.

எண்ணூருக்கு அருகே காமராசர் துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரி, வட சென்னை அனல் மின் நிலையத்துக்கு ஓடும் வார்ப்பட்டைகளில் செல்கிறது. இத்தகைய நிலக்கரிப் பட்டைகளில் ஓர் இரும்புத் துண்டு கலந்துவிட்டால் நொறுக்கும் இயந்திரத்தின் பற்கள் உடையும், பட்டையே கிழிந்துபோகலாம். அதைத் தடுக்கப் பட்டையைச் சூழ்ந்தவாறு சட்டச் சுருளை அமைப்பது வழக்கம். அங்கே நேர்வது நம் கணக்கின் மறுபக்கம். பட்டையும் நிலக்கரிக் குவியலும் நுழையும்படி சட்டத்தைப் பெரிதாக்கியே ஆக வேண்டும். பெரிதாக்க ஆக்க, நடுவே செல்லும் சிறு ஆணி தப்பிவிடும். இயந்திரத்தை உடைக்கும் அளவுள்ள துண்டு தப்பக் கூடாது என்பதைக் கொண்டே சட்டத்தின் அளவு முடிவாகிறது.

இடம் தவறினால் எத்தனை நல்ல கருவியும் பயன்படாது என்பதற்கு 1881இல் அமெரிக்காவில் நடந்தது சான்று. அந்நாட்டுத் தலைவர் கார்ஃபீல்டு ஜூலை 2ஆம் நாள் சுடப்பட்டார். உடலுக்குள் தங்கிய குண்டைக் கண்டறியத் தொலைபேசி கண்ட கிரஹாம் பெல் சுருள்களால் ஒரு கருவி செய்துகொண்டு வந்தார். ஆனால் நோயாளியின் படுக்கைக்குள் எஃகு வில்கள் இருந்தன. தேடவும் வலப்பக்கம் மட்டுமே மருத்துவர் இடம் கொடுத்தார். கார்ஃபீல்டு செப்டம்பர் 19இல் இறந்த பின்னர், குண்டு இடப்பக்கத்தில் இருந்தது தெரிந்தது.

கால் வைக்கும் நிலம்

நாணயம் தப்பினால் நட்டம் ஒரு நாணயம். தப்புவது கண்ணிவெடியானால்?

இலங்கையில் 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. வடக்கிலும் கிழக்கிலும் மண்ணுக்குள் இருந்த கண்ணிவெடிகள் அப்படியே இருந்தன. போர்முனையாக இருந்த முகமாலையில் அவை வரிசை வரிசையாகப் புதைக்கப்பட்டிருந்தன. ஹேலோ டிரஸ்ட் முதலிய அமைப்புகளில் சேர்ந்து அவ்வூர் மக்களே, அவர்களுள் பெண்கள் பலர், மண்டியிட்டு அங்குலம் அங்குலமாக அவற்றை அகற்றி வந்திருக்கிறார்கள். கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017இல் சேர்ந்தது.

ஆளைத் தாக்கும் கண்ணிவெடிகள் பலவற்றின் உடல் பிளாஸ்டிக்கால் ஆனது. வெடியூசி போன்ற சின்னஞ்சிறு பகுதிகளில் மட்டுமே உலோகம் உண்டு. ஆனால் கால் பட்டால் வெடிக்க வேண்டும் என்பதால் இவை மேலாகவே புதைக்கப்படுகின்றன. பொருள் மிகச் சிறிது, ஆழமும் குறைவு. நம் கணக்கு என்ன சொல்கிறது? சிறிய சுருள். 'ஆழமாகப் பார்க்கட்டும்' என்று ஒரு மீட்டர்ச் சுருளைக் கொண்டு அந்த வயலைச் சோதித்தால், அது மௌனமாகக் கடந்து போகும். அந்த மௌனத்தை நம்பி ஒரு குழந்தை அங்கே விளையாடப் போகும்.

இதனால்தான் கண்ணிவெடி அகற்றுவோர் வேலை தொடங்குமுன் சோதனைத் துண்டு ஒன்றைக் குறித்த ஆழத்தில் வைத்து, கருவி அதைக் காட்டுகிறதா என்று பார்க்கிறார்கள். குண்டுச் சிதறல்கள் மிகுந்த நிலத்தில் கருவி ஓயாமல் கத்தும். அங்கே கருவியை ஒதுக்கிவிட்டு வாரும் கருவியால் மண்ணை மெல்ல வாரி எடுப்பதும் உண்டு. மாறாக, லாவோஸ் போன்ற நாடுகளில் விமானத்திலிருந்து விழுந்து ஆழப் புதைந்த பெரிய குண்டுகளைத் தேட, இருவர் சேர்ந்து சுமக்கும் பெரிய சட்டச் சுருள் பயன்படுகிறது. ஒரே அறிவியல், இரண்டு வேலை, இரண்டு சுருள்.

மீண்டும் எம்டன் குண்டு

நம் கற்பனைக் குண்டு ஒரு மீட்டருக்குள் இருந்தால் பெரிய சுருள் அதைக் காட்டக்கூடும். இரண்டு மீட்டர் ஆழத்தில் இருந்தால்? நம் கணக்குப்படி எந்தச் சுருளுக்கும் அது எட்டாது. ஆனால் வேறு வழி உண்டு. குண்டு எஃகால் ஆனது. புவிக்காந்தப் புலம் அதை எப்போதும் சிறிது காந்தமாக்கி வைத்திருக்கிறது. காந்தமானி கொண்டு தரைமேல் அந்தச் சிறு மாற்றத்தை அளக்கலாம். இங்கே நாம் புலத்தை அனுப்ப வேண்டியதில்லை, இயற்கையே அனுப்பிவிட்டது. பயணம் ஒருவழி. ஆகவே சைகை ஆறாம் மடியாக இல்லாமல் மும்மடியாக மட்டுமே குறைகிறது; ஆழம் இரண்டு மடங்கானால் 64இல் ஒரு பங்கு அன்று, 8இல் ஒரு பங்கு. ஆழத்தில் கிடக்கும் இரும்பைத் தேடுவோர் காந்தமானியை நாடுவது இதனால்தான். செம்பும் அலுமினியமும் இதற்கு அகப்படா.

துறைமுகப் பகுதியிலோ பழைய இரும்புக் கடையிலோ குண்டு போன்ற பொருள் எதையேனும் கண்டால் தொடாதீர்கள், தட்டிப் பார்க்காதீர்கள். விலகிச் சென்று காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். நூறாண்டு மண்ணில் கிடந்தாலும் வெடிமருந்து சாதுவாகிவிடுவதில்லை. 2004 செப்டம்பரில் உத்தரப்பிரதேசத்தின் சாகிபாபாத்தில், வெளிநாட்டிலிருந்து வந்த பழைய இரும்பில் கலந்திருந்த போர்க்குண்டுகள் வெடித்துத் தொழிலாளர் பத்துப் பேர் இறந்தனர். இரும்புக் குவியலுக்குள் கிடக்கும் இரும்புக் குண்டைப் பிரித்துக் காட்ட எந்த அளவுச் சுருளாலும் ஆகாது. அங்கே பார்த்து அறியும் கண்ணும், அவசரப்படாத கையுமே கருவி.

முடிவாக, வாசகர்கள் செய்து பார்க்க ஒரு கணக்கு. 6 செ.மீ. அகலமுள்ள ஒரு வளையலைத் திருவொற்றியூர்க் கடற்கரையில் தொலைத்துவிட்டீர்கள். நம் மாதிரிக் கணக்கின்படி 20 செ.மீ. விட்டமுள்ள சுருள் அதை எவ்வளவு ஆழம் வரை காட்டும்? எந்தச் சுருளைக் கொண்டும் எட்ட முடியாத ஆழம் எது? (விடை: ஏறத்தாழ 33 செ.மீ.; 60 செ.மீ.க்குக் கீழே.)